மாமாவின் வீட்டு வண்டிக்கு லைட் போட்ட விவரம்

வடமாலபேட்டை,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மோகன்ராஜ் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பிரியங்கா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அம்மா சுகம், நைனா சுகம், எருமை சுகம், நானும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் பாப்பாவும் சுகமாக இருக்க ஏழுமலையானை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வண்டி மட்டும் அவ்வளவு சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். எனக்குப் போனில் பேச வராது என்பது உங்களுக்கே தெரியும். நான் ஹலோ சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் எதிரில் இருப்பவர் சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிடுவீர்கள். போன தடவை என் பல்வலிக்கு நாற்பது பேர் மருந்து சொன்னார்கள். அதனால் தினமும் மெட்ராசுக்குப் பூ ஏற்றிப் போகிற சீனு அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து தனியாகப் படியுங்கள்.

நீங்கள் பழைய வேனை வாங்கி, சித்தூர் ஷெட்டில் கட்டில், அடுப்பு, குழாய் எல்லாம் வைத்து, திருப்பதியில் ரூம் கிடைக்காத குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிற வீட்டு வண்டியாக மாற்றி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். லைட் மட்டும்தான் பாக்கி, அதை நீயே பார்த்துப் போடு என்று என்னிடம் சொன்னீர்கள். ஒன்பதாவதோடு நின்றவளிடம் இப்படி ஒரு வேலையை யாரும் கொடுத்ததில்லை. புத்தூர் பல்பு கடையில் இரண்டு வருஷம் பின்னறையில் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்தவள், இவளுக்குத் தெரியும் என்று அம்மாவிடமும் சொன்னீர்கள். முதல் பார்ட்டியாக வரப்போகும் வேங்கடாசலம் சாருக்கு வண்டி பிடித்துவிட்டால் அடுத்த வண்டிக்கு வயரிங் முழுக்க என்னுடையது என்றும் சொன்னீர்கள். நீங்கள் போன பிறகு அம்மா ஒன்று சொன்னாள், அது உங்களுக்குத் தெரியாது. வேங்கடாசலம் சாருக்குப் பிடிக்கவில்லையென்றால் திங்கட்கிழமை முதல் நான் திருப்பதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர வேண்டும். அம்மா பேசி முடித்துவிட்டாள். கடைக்கு உள்ளே வேலையென்றால் கூடப் பரவாயில்லை மாமா. வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிற எல்லோரையும் பார்த்து, "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று சாயங்காலம் வரைக்கும் கூப்பிட வேண்டும்.

நீங்கள் போகும்போது ரகசியமாக, "உங்க நைனாவ மட்டும் லைட்டு கிட்ட வுடாத" என்று சொன்னீர்கள். எப்படி விடாமல் இருப்பது என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சீரியல் செட் கட்டுகிற மனுஷன். சித்தூருக்குச் சாமான் வாங்கப் போனதும் நைனாவின் பைக்கில்தான். என்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன்: பன்னிரண்டு வோல்ட் ஸ்ட்ரிப், வார்ம் வொயிட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்விட்ச், ரெகுலேட்டர். கடைக்காரர் நாகையா மேசைமேல் வெள்ளை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் எரியவிட்டுக் காட்டினார். "இன்னா கண்ணு இது, மஞ்ச காமாலை வந்தவன் மூஞ்சாட்டம் கீது" என்றார் நைனா. நாகையா உடனே, "தெல்ல லைட்டே பாகுண்டுந்தி அண்ணா" என்று வெள்ளைக்கு ஓட்டுப் போட்டார். கடையில் வெள்ளைதான் பெட்டி பெட்டியாக இருந்தது. வீட்டு வண்டி என்றால் படுத்துக்கொள்கிற இடம், அங்கே அடுப்பு நெருப்பு மாதிரி இதமான வெளிச்சம்தான் வேண்டும், வெள்ளை கண்ணைக் குத்தும் என்று சொல்ல நான் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் வேறு யாராவது பேசிவிட்டார்கள். வெளியே வந்து கையை விரித்துப் பார்த்தேன். சீட்டு வியர்வையில் ஊறி, ரெகுலேட்டர் என்கிற எழுத்து என் உள்ளங்கையில் இருந்தது.

சரி, வாங்கியது வாங்கியதுதான் என்று செவ்வாய்க்கிழமை வெள்ளையையே ஒட்டினேன். சாயங்காலம் போட்டதும் வண்டி பாலில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. கட்டில் விரிப்பும் வெள்ளை, சுவரும் வெள்ளை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த தெரு வெங்கடம்மா உள்ளே ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, ஜாக்கெட் கையை மடித்துவிட்டு, பி.பி. நோட்டை என்னிடம் நீட்டினாள். மாதத்துக்கு ஒரு தடவை மருந்து வண்டி வருமில்லையா, அதுதான் இது என்று நினைத்துவிட்டாள். நான் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே. சொல்வதற்குள் அவள், "நீ எப்போ மே நர்ஸான, உங்கம்மா சொல்லவே இல்ல" என்று சந்தோஷப்பட்டு என் கன்னத்தைத் தடவினாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர் நோட்டோடு நிற்கிறார்கள். எனக்கு வேறு வழி தெரியாமல் ஒவ்வொரு நோட்டாக வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உப்பைக் குறைங்க என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அஞ்சு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள் மாமா. அம்மாவுக்கு ரெண்டு நாள் தெருவுல ஒரே மரியாதை.

புதன்கிழமை சீனு அண்ணன் வண்டியைப் பார்க்க வந்தார். நைனா அவருக்கு எல்லாம் காட்டிக்கினு இருந்தவர், சும்மா இருக்காமல் இன்ஜினையும் ஸ்டார்ட் பண்ணிட்டார். வண்டி நிற்கும்போது பேட்டரி பன்னிரண்டு வோல்ட்டுதான் கொடுக்கும், இன்ஜின் ஓடினா பதினாலுக்கு மேல ஏறிடும். நடுவுல ரெகுலேட்டர் இல்லன்னா ஸ்ட்ரிப் தாங்காது. நான் சொன்னேன் மாமா, சத்தியமா சொன்னேன், ஆனா இன்ஜின் சத்தத்துக்குப் பின்னால நின்னு சொன்னேன். வெளிச்சம் இன்னும் கூடினதும் நைனா சீனு அண்ணனைத் தட்டி, "பாத்தியா, போவப் போவ ஏறுது" என்றார். அப்புறம் ஒரு ஸ்ட்ரிப் ஊதா கலர் ஆனது, அடுத்தது துடித்தது, அப்புறம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் போய், வண்டி முழுக்கக் கருகின வாசனை. "பீசு போயிருச்சி, அவ்ளோதான்" என்றார் நைனா. பீஸ் மட்டும் நல்லாத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்ட்டி வருது, கையில ஒரு லைட்டு கூட இல்ல. வியாழக்கிழமை நைனா புத்தூருக்குத் திருவிழா வேலைக்குப் போனதும் நான் பழைய பல்பு கடை முதலாளியம்மாவிடம் போய் நின்றேன். அவங்க நான் பேசக் காத்திருக்க மாட்டாங்க, பழகினவங்க, உள்ள போய் வேணுங்கறத எடுத்துக்கோ என்றார்கள். மிச்சம் கிடந்த வார்ம் வொயிட் துண்டுகளும் ஒரு ரெகுலேட்டரும் எடுத்து வந்தேன். மேலே கூரையில் ஒன்றும் போடவில்லை. கட்டிலுக்கு அடியில் கால் வைக்கிற இடம் தெரிகிற மாதிரி ஒரு துண்டு. அடுப்புக்கு மேலே ஒரு துண்டு. தலைமாட்டில் படிக்க ரெண்டு சின்ன விளக்கு, ஒருத்தர் படித்தால் இன்னொருத்தர் தூங்கலாம். எல்லாத்தையும் பலகை மறைவில் வைத்தேன், பல்பு கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் வரும். இன்ஜினை நானே ஓடவிட்டு அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் துடிக்கவில்லை. மாமா, அந்த அரை மணி நேரம் நல்லா இருந்தது.

வெள்ளிக்கிழமை நைனா வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. ரொம்பக் கவலையோடு, "கண்ணு, லைட்டு போட்டா நாலு பேர் திரும்பிப் பாக்கணும். இது இன்னாம்மா, போட்டாப்பலயே இல்லியே" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றுதான் அப்படிப் போட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. அஞ்சு மணிக்கு நான் குளித்துவிட்டு வருவதற்குள் எனக்கு உதவி செய்கிறேன் என்று அவர் செட்டை இறக்கிவிட்டார். வண்டியின் ரெண்டு பக்கமும் ஓடுகிற பச்சை, சிவப்பு. முன்கண்ணாடிக்கு மேலே தோகையை விரித்து மடக்குகிற மயில். கூரைமேலே ஆள் உயர நாமம், சங்கு, சக்கரம், சக்கரம் சுற்றுகிறது. வாசலில் ஜெனரேட்டர். இதெல்லாம் மெட்ராஸ் ரோட்டின் மேலேயே, புரட்டாசி மாசத்தில், திருமலைக்கு நடந்து போகிற ஜனம் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருக்கும்போது.

முதலில் ஒரு கும்பல் நின்றது. அடுத்த கும்பல் அவர்கள் நிற்பதைப் பார்த்து நின்றது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பம்பர் மேலே கற்பூரம் ஏற்றினார். யாரோ முன்சக்கரத்தில் தேங்காய் உடைத்தார்கள். மஞ்சள் வேட்டி கட்டின ஒருத்தர் தானாகவே வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்து, "ஒக்கொக்கரு ரண்டி, ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க" என்று ரெண்டு பாஷையிலும் கத்தினார். பின்கதவு திறந்திருந்ததால் பிரசாதம் அங்கேதான் என்று முடிவு செய்து எல்லோரும் கையை நீட்டினார்கள். நடந்து வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று அம்மா வீட்டிலிருந்த ரவையையெல்லாம் கொட்டி உப்புமா கிண்டி, உங்கள் புது அடுப்பில்தான் மாமா, மந்தார இலையில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நைனா கண்ணில் தண்ணி. "இருவத்தஞ்சு வருசத்துல இப்படி ஒரு கூட்டம் என் செட்டுக்கு நின்னதில்ல" என்றார்.

அப்போதுதான் நான் வரிசையில் பார்த்தேன், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் கையில் உப்புமா இலையோடு நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் இங்கே வாடகை வண்டி ஒன்று இருக்கிறதாமே, எந்த வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டிக்காரர், அதெல்லாம் அப்புறம், முதல்ல சாமியைக் கும்பிடுங்க என்றார். நான் போய், சார் இதுதான் அந்த வண்டி என்று சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது. ஜெனரேட்டர்தான் பக்கத்தில் இருந்தது. அதை நிறுத்திவிட்டேன்.

மயில், நாமம், சக்கரம் எல்லாம் ஒரே நேரத்தில் போனது. ஜனம் முழுக்க, "கோவிந்தா" என்று ஒரு சத்தம் போட்டது, எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாமிக்குத் திரை போட்டாச்சு என்று சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். பேட்டரியில் ஓடுகிற என் லைட் மட்டும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அவங்க ரெண்டு பேரும் ஏறினார்கள். வேங்கடாசலம் சார் கட்டிலில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்த அம்மா தலைமாட்டு விளக்கைப் போட்டாங்க, அணைச்சாங்க, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிச்சாங்க. "இதெல்லாம் யார் போட்டது?" என்று கேட்டாங்க. நான் கீழே பார்த்தேன். நைனா மயிலைத்தான் கேட்கிறாங்க என்று நினைத்து, "நான்தாம்மா, எல்லாம் நம்ம செட்டுதான்" என்றார். போன் பண்றோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பொண்ணு பாக்க வந்துட்டு வேண்டாம்னு நெனைக்கறவங்களும் இப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க என்றாள் அம்மா.

ஆகையால் மாமா, தப்பெல்லாம் என்னுடையது. கடையில் பேசவில்லை, இன்ஜின் கிட்ட சத்தமாகப் பேசவில்லை, பார்ட்டியிடமும் பேசவில்லை. நைனாவைக் கோபிக்காதீர்கள். மெட்ராசிலிருந்து நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்து நான் போட்டதையெல்லாம் பிய்த்துவிட்டு வேறு போடச் சொல்லுங்கள். அடுத்த வண்டியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன். திங்கட்கிழமை புடவைக் கடைக்குப் போகிறேன். அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு என் முத்தம். உங்கள் எல்லோருக்கும் கண்ணுக்கு இதமான வெளிச்சமும் குறையாத பேட்டரியும் ஆண்டவன் அருள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள மருமகள்,
அ. பிரியங்கா

பின்குறிப்பு: மாமா, சீனு அண்ணன் ஹாரன் அடித்துக்கினு நிற்கிறார், சீக்கிரம் எழுதுகிறேன். மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். எலக்ட்ரீஷியனும் வேண்டாம். இப்பதான் வேங்கடாசலம் சார் வீட்டம்மா போன் பண்ணாங்க. சாருக்கு ரெண்டு மாசம் முன்னாடி கண் ஆபரேஷனாம், வெளிச்சம் பட்டா தாங்காதாம், ஆபரேஷனுக்கு அப்புறம் விளக்கு எரியற இடத்துல அவர் கண்ணாடியைக் கழட்டினதே நேத்துதானாம். நாளைக்கு வண்டியை எடுத்துக்கினு சூளூர்பேட்டை ஏரியில பறவை பாக்கப் போறாங்க, பத்து நாளைக்கு. உள்ள லைட்டு போட்ட அந்த ஆள்கிட்ட ஸ்விட்சு விவரம் கேக்கணும்னு சொன்னாங்க. நைனா போனைப் பிடிச்சிக்கினு வண்டியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பாத்தார். அப்புறம், "அது நான் இல்லீங்க. எம் பொண்ணு போட்டது" என்று சொல்லி போனை என் கையில கொடுத்துட்டார். நான் எல்லா ஸ்விட்சும் சொன்னேன், ஆறு நிமிஷம் ஆச்சு. மயிலுக்கும் ஒண்ணும் குறையில்ல, மஞ்சள் வேட்டிக்காரர் காலையில வந்து அவங்க ஊர் பஜனை வண்டிக்கு அதே மாதிரி வேணும்னு நைனாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டார். அடுத்த வண்டிக்கு நீங்க ரெகுலேட்டர் மட்டும் அங்கேர்ந்து நல்லதா வாங்கி வாங்க, மத்தது நான் பாத்துக்கறேன். போன் கையில இருக்கும்போதே புடவைக் கடை முதலாளிக்கும் போட்டு, நான் வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன். அவருக்குக் காதுல விழல. இன்னொரு தடவை சொன்னேன்.