நிச்சயம் மாமாவுக்குத் தெருவே சாட்சி

மயிலாப்பூரில் கடனே வாங்காதவர் யாராவது இருந்திருக்கலாம். நிச்சயம் மாமாவுக்குக் கடன் கொடுக்காதவர் ஒருவரும் இருந்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் வீட்டுப் பத்திரத்தில் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. யார் வந்து பாக்கி கேட்டாலும், "நாளைக்கு நிச்சயம்!" என்பார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கேட்க வந்தவன்தான் வெட்கப்பட்டுத் திரும்புவான்.

சித்திரக்குளத்துப் பக்கம் அவருக்குச் சொந்த வீடு. அதன் பின்கட்டில் நான் குடியிருந்தேன். முப்பதுகளின் தொடக்கம், வியாபாரமெல்லாம் படுத்துக் கிடந்த காலம். எங்கள் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். முதலில் குறைந்த ஆள் நான்தான்.

அந்தச் சமயத்தில் வீட்டின் பேரில் இருந்த பழைய கடனுக்குக் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. மாதக் கடைசியில் ஏலம். வேறு யாராவது வீட்டை அடமானம் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தால்தான் தப்பலாம். மாமாவின் நாணயம் ஊர் அறிந்தது. யார் கொடுப்பார்கள்?

"கொடுப்பா. வீடு என்ன ஓடியா போறது?" என்றார் மாமா.

சொன்னபடி சைதாப்பேட்டையில் ஒரு முதலியாரைப் பிடித்துவிட்டார். "தெருவுல நாலு பேரை விசாரிச்சுட்டுத்தான் துட்டு" என்று முதலியார் சொன்னாராம். தெருவில் யார் யாருக்குப் பாக்கி என்று நான் விரல்விட்டு எண்ணினேன். மாமாவோ வீட்டுக்கு வெள்ளையடித்தார். அதுவும் கடனில்.

முதலியார் குடையோடு வந்து முதலில் பால்காரரைப் பிடித்தார். அவருக்கு நாலு மாதப் பாக்கி.

"அவருக்கு இன்னா சாமி கொறச்சல்? தங்கமான மனுசன்! கண்ணை மூடிக்கினு குடுக்கலாம்" என்றார் பால்காரர்.

மளிகைக்கடைக்காரர் ஒரு படி மேலே போய், "மகராசன்!" என்று கும்பிட்டார். வெள்ளையடித்தவன் தோளில் ஏணியோடு, "கையில துட்டு வச்சுட்டுத்தான் சாமி சுண்ணாம்பு மட்டையையே தொடச் சொன்னாரு" என்று கூசாமல் புளுகினான். இந்தப் பணம் வந்தால் அவரவர் பாக்கியும் அதிலேயே தீரும் என்று மாமா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

முதலியார் உள்ளே வந்து காபியைக் குடித்துவிட்டுக் கேட்டார். "ஒருத்தன்கூட உம்மைக் கொறை சொல்லலியே. தெரு மொத்தத்துக்கும் பாக்கியா சாமி?"

"ஆமாம். யாரையும் விட்டுவைக்கலை" என்றார் மாமா, பெருமையோடு.

முதலியார் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு காரியத்துக்கு வந்தார். "வூடு நல்லாத்தான் கீது. வட்டிக்கு வழி? பின்கட்டு வாடகை நேரா என் கைக்கு வரணும். வந்தா துட்டு, இல்லாட்டி இல்லை." என்னைப் பார்த்து, "நீதான் குடித்தனக்காரனா? மாசம் இன்னா குடுக்கிறே?" என்றார்.

வேலை போனதிலிருந்து நான் காலணா கொடுத்ததில்லை. மாமா கேட்டதுமில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு வீடு போகும். பொய் சொன்னால் முதல் தேதியன்று நான் தெருவில் நிற்பேன்.

"அவன் குடித்தனக்காரன் இல்லே முதலியார்வாள், என் தம்பி. தம்பிகிட்ட வாடகை வாங்குவாளோ?" என்றார் மாமா.

முதலியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா எலுமிச்சை நிறம், ஆறடி. நான் கறுப்பு, குள்ளம்.

"அப்ப வட்டிக்கு?"

"முன்கட்டை வாடகைக்கு விட்டுடறேன். அதை நீரே வாங்கிக்கும். நானும் ஆத்துக்காரியும் தம்பியோட பின்கட்டுல இருந்துக்கறோம். நிச்சயம்!"

முதலியார் முன்கட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம், "நாளைக்கே பத்திரம் எழுதிடலாம்" என்று குடையை எடுத்தார்.

ஏலம் நின்றது. தெருக்காரர்களின் பாக்கியையும் முதலியாரே தன் கையால் பட்டுவாடா செய்தார். முன்கட்டுக்கு ஒரு வக்கீல் குடிவந்தார். பின்கட்டில் மாமி சமைத்ததை மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. ஆனாலும் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், மயிலாப்பூரில் ஓர் அண்ணா இருந்தார் என்றுதான் சொல்கிறேன்.