நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே முகம்

'தெரியாது' என்ற சொல்லை என் வாய் பழகுவதற்கு இருபத்தைந்து வயது ஆனது. அதுவரை எவர் எதைக் கேட்டாலும் "ஓம், செய்யலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து, பாதை திறந்திருந்த காலம் அது. வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டார் மட்டக்களப்பில் பெண் தேடத் தொடங்கியிருந்தார்கள். கலியாணத் தரகர் கணபதிப்பிள்ளை அண்ணன், தேற்றாத்தீவிலிருந்து கதிரவெளி வரைக்குமான பெண்பிள்ளைகளின் குறிப்புகளை இரும்புப் பெட்டிகளில் நிரப்பி வைத்திருந்தார். அவற்றை இணையத்தில் போட வேண்டுமென்று என்னிடம் வந்தார். நான் கொழும்பில் ஆறு வாரம் படித்தவன். ஒரு வரி கோட் கூட எழுதாமல், படத்தையும் எழுத்தையும் இழுத்து வைத்தே பக்கம் செய்கிற மென்பொருள் ஒன்றைப் பழகியிருந்தேன். (அதை மட்டும்தான்.)

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நானூறு பேருக்கு மேல இருக்கு தம்பி. இது தாங்குமா?"

"நாலாயிரமெண்டாலும் தாங்கும் அண்ணன்."

அதுவரை நான் செய்த மிகப் பெரிய தளத்தில் மூன்று பக்கங்கள். (மூன்றாவது திறக்காது.)

ஆளுக்கொரு பக்கமாக இரண்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் செய்து முடித்தேன். முடித்த கையோடு அண்ணனின் தொலைபேசி இலக்கம் மாறியது. அத்தனை பக்கத்திலும் அதைத் திருத்த வேண்டும். பொதுவாக ஒரு மாதிரிப் பக்கம் செய்து மற்றவற்றை அதோடு இணைத்தால் எல்லாம் ஒரேயடியாக மாறும் என்று உதவிக் குறிப்பில் இருந்தது. ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களை மட்டும் முன்கூட்டியே குறித்துக் கொடுக்க வேண்டும். பெயர், நட்சத்திரம், படிப்பு எல்லாவற்றையும் குறித்தேன். படத்தை மறந்துவிட்டேன். மாதிரிப் பக்கத்தில் சும்மா கிடக்கட்டும் என்று வைத்திருந்தது என்னுடைய படம்.

நாலே நிமிடம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் மாறின, பிழை ஏதுமில்லை என்றது கணினி. பத்துப் பக்கங்களின் அடியில் இலக்கத்தை மட்டும் பார்த்து, தளத்தை ஏற்றிவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போனேன்.

மூன்றாம் நாள் சித்தாண்டியிலிருந்து ஒரு தகப்பன், இரண்டு சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி, என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் ஆசிரியை. லண்டன் சம்பந்தம் முடியும் தறுவாயில், மாப்பிள்ளையின் தாய் மருமகளை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று தளத்தைத் திறந்திருக்கிறார்.

"எங்கட புள்ளைக்கு எப்படி மீசை வந்ததெண்டு கேக்கிறாங்க தம்பி" என்றவர், அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

கணினியைத் திறந்து பார்த்தேன். பழைய படங்கள் கணினியில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் வெறும் எண்களாக. எது யாருடையது என்று காட்ட ஒரு பக்கமும் மிஞ்சவில்லை. அண்ணனிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஊர், நட்சத்திரம், தகப்பனின் தொழில் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. முதலில் ஆசிரியையைத் திருத்தினோம். அந்தக் கலியாணம் நடந்தது. (எனக்கு அழைப்பு வரவில்லை.)

சில வருடங்களுக்குப் பிறகு அம்மா எனக்குப் பெண் பார்த்தார். பெண்ணின் தமையன் ரொறன்ரோவில். அந்த மூன்று நாளுக்குள் அவரும் எங்கள் தளத்தில் பொம்பிளை தேடியவராம். என் படத்தை அவருக்கு அனுப்பினோம். மறுநாளே தொலைபேசியில் வந்தார்.

"இந்தப் பொம்பிளைய நான் எப்பவோ வேணாமெண்டு சொல்லிட்டனே."

அவருடைய தங்கைதான் என் மனைவி. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவாள்.