பின்வாசல் பொறியியலாளர்

உரும்பிராய் சுபாங்கனுக்கு வேலை இருக்கிறதென்று அரசாங்கம் உறுதிப்படுத்த வேண்டி வந்தது. அவன் வீட்டிலிருந்தபடியே நோர்வேக் கொம்பனி ஒன்றுக்குக் கொம்பியூட்டர் வேலை செய்கிறவன். பகல் முழுக்கச் சாரம் கட்டிக்கொண்டு வீட்டில் நிற்கிறவனுக்குக் கஜானியைக் கட்டிக்கொடுக்க அவளின் தகப்பன் நமசிவாயத்தாருக்கு என்ன விசரா? "பிரதேச செயலகக் கடிதத்தோடை வாரும், பேசுவம்" என்றுவிட்டார். நாலு வருசக் காதல், பாருங்கோ, ஒரு றப்பர் முத்திரைக்காகக் காத்து நின்றது.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற குற்றத்துக்காக நானும் கூடப் போனேன்.

கொம்பனியின் ஆங்கிலக் கடிதத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருந்தார். செயலக உத்தியோகத்தர் அடைக்கலநாதன் அதை உரத்து வாசித்தார்: "மேற்படியார் எமது பின்வாசல் பொறியியலாளர். செயற்கை முகவர்களை உருவாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகிறார்."

வாசித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சுபாங்கனை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகவர் எண்டால்... ஆக்களை வெளிநாட்டுக்கு ஏத்துற ஏஜென்சி. அதுவும் பின்வாசலாலை."

"ஐயோ சேர், பின்வாசல் எண்டது 'பாக்-எண்ட்'! முகவர் எண்டது 'ஏ.ஐ. ஏஜென்ற்', மனுசரில்லை! கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிறது. சொன்ன வேலையைத் தானாச் செய்யும்."

"பாஸ்போட் இல்லாமலோ?"

"அதுக்கென்னத்துக்குச் சேர் பாஸ்போட்?"

"எல்லையிலை பிடிபடுறேல்லையோ?"

"பிடிக்கிறதுக்கு ஆக்களே இல்லைச் சேர், வெறும் புரோகிராம்!"

"விளங்குது, விளங்குது. உந்தத் தொழில் செய்யிறவை உப்பிடித்தான் சொல்லுறவை. கள ஆய்வு செய்யாமல் கடிதம் தரேலாது."

மறுநாட் காலமையே கள ஆய்வு நடந்தது. சுபாங்கன் வீட்டு முன்வாசல் திறந்து கிடக்க, அடைக்கலநாதன் சுற்றிக்கொண்டு குசினிப் பக்கத்தால் வந்தார். ஒரு கையில் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம். மறுகையில் மகன் லெனாட்டின் பாஸ்போட் கொப்பி.

"கனடா எண்டால் நல்லது. சரிவராட்டில் லண்டனும் பரவாயில்லை."

பின்னேரம் நமசிவாயத்தார், 'முகவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புபவர்' என்று உறுதிப்படுத்திய அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். "கொம்பியூட்டர் எண்டு சொல்லிப் பயப்பிடுத்திப்போட்டீரே தம்பி! ஏஜென்சி எண்டு முதலே சொல்லியிருந்தால் ஆவணியிலையே முடிச்சிருக்கலாம்."

"மாமா, சத்தியமா நான் ஒருத்தரையும் அனுப்புறேல்லை!"

"ஓமோம். வெளியிலை உப்பிடியே சொல்லும்" என்று கண்ணடித்து, தன் மூத்த மகன் கோகுலனின் பாஸ்போட் கொப்பியை அவனின் சேட்டுப் பைக்குள் திணித்துவிட்டுப் போனார். கலியாணம் தையில்.

சுபாங்கன் பாவம், அழாக்குறையாக என்னிடம் வந்தான். "அண்ணை, நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே. என்ரை தொழில் என்னெண்டு நீங்களாவது சனத்துக்குச் சொல்லுங்கோ."

"எனக்கு எல்லாம் தெரியுமடா தம்பி" என்று தோளில் தட்டி, என் பாஸ்போட் கொப்பியை அவன் கையில் வைத்தேன். "எதுக்கும் இது உன்னட்டைக் கிடக்கட்டும்."