பன்னிரண்டு சோடிக் கால்களும் ஒரு சாவியும்

பெரிய வியாழன் பூசையை நடுவில் நிறுத்தியவன் நான்தான். ஏழு வருடமாக எங்கள் கத்தோலிக்கப் பங்கில் சிலர் நான் அதற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும். கேட்க மாட்டேன். (பங்கின் பெயரையும் சொல்ல மாட்டேன். கண்டியைச் சுற்றி மேட்டுக்கா பஞ்சம்? ஏதோ ஒரு மேட்டில் அந்தக் கோயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது நான் பங்கின் சமூகப் பணிக் குழுவுக்குச் செயலாளர். திருச்சபையின் சமூகப் போதனை பற்றி மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய், ஒரு சான்றிதழும் ஒரு நீல பைலும் தாங்க முடியாத தலைக்கனமுமாகத் திரும்பியிருந்தேன். வீட்டில் பருப்புக்கு உப்புக் குறைந்தாலும் மனித மாண்பு பற்றிப் பேசுவேன். என் மனைவி மெர்சி மாண்போடு உப்பை என் முன்னால் வைத்துவிட்டுப் போவாள்.

அந்தக் குழுவில் நான் அதுவரை செய்திருந்த ஒரே உருப்படியான வேலை, கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்திருந்த மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டது. 'பங்கு மக்களுக்கு மட்டும்' என்று பலகையும் மாட்டினேன். சாவி என் இடுப்பு வளையத்தில், வீட்டுச் சாவியோடு தொங்கியது. நடக்கும்போது சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் நிரந்தர அப்போஸ்தலர்கள். மரியதாஸ் மாஸ்டர் பதினொரு வருடமாக முதல் கதிரையை விட்டதில்லை. எல்லாரும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசி வருவார்கள். பாதர் கழுவிய தண்ணீரில் பவுடர் வாசம்தான் அடிக்கும்.

நான் கூட்டத்தில் எழுந்தேன். இந்த வருடம் நம் ரோட்டைக் கூட்டுகிறவர்களின் கால்களைக் கழுவ வேண்டும் என்றேன்.

"அவங்கள்ள எத்தன பேரு கத்தோலிக்கருங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நல்ல சமாரியன் கத்தோலிக்கரா, மாஸ்டர்?" என்றேன். (இந்த ஒரு வரிக்காக இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.) பாதர் பாவம், தவக்காலம் முழுக்க ஓடிக் களைத்திருந்தார். சரி என்றார்.

மறுநாள் காலை கோயில் வாசலில் கூட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் பாக்கியம் அக்கா. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்து, முழுவதையும் கேட்டார்.

"வர்றோம்யா. ஆனா அந்த டொய்லட்டுப் பூட்ட ஏன் போட்டீங்க? நாலு மணிக்கு வீட்ட விட்டு வந்தா பதினோரு மணிக்குத்தான் திரும்பிப் போறோம். நாங்க நாலு பொம்பளைங்க. அதுக்குப் பயந்தே காலையில ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல."

"ஈஸ்டர் முடிய கூட்டத்துல வெச்சுப் பேசுவோம் அக்கா" என்றேன். பைலில் அதைக் குறித்தும் கொண்டேன். சாவி அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது. கழற்றிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழன் மாலை பன்னிரண்டு பேரும் வந்தார்கள். எனக்குப் பெரிய ஏமாற்றம். பெண்கள் கல்யாணச் சேலையில் இருந்தார்கள். சோமபால என்ற சிங்களப் பெரியவர் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாகப் பளபளத்தார். எல்லார் காலும் மாஸ்டருடையதைவிடச் சுத்தம்.

"வேல உடுப்புலயே வந்திருக்கலாமே அக்கா" என்று முணுமுணுத்தேன்.

"நீங்க பூசைக்கு ஆபீஸ் பைலோடயா வர்றீங்க?" என்றார் பாக்கியம் அக்கா. (என் கையில் உண்மையாகவே பைல் இருந்தது.)

நான் மைக்கைப் பிடித்து 'விளிம்புநிலை மக்கள்' என்று ஆறு நிமிடம் பேசினேன். விளிம்புநிலை மக்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு பாதர் துவாயைக் கட்டிக்கொண்டு, முதல் கதிரையில் இருந்த சோமபாலவின் முன் முழந்தாளிட்டார்.

பௌத்தர்களிடத்தில் பிக்குவின் காலில் மற்றவர்கள்தான் விழுவார்கள். துறவி ஒருவர் தன் காலைத் தொடுவதைச் சோமபால எப்படிப் பொறுப்பார்? கண்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். சான்றிதழ் மறைத்துவிட்டது.

"அபோ, எபா பாதர், பவ்" என்று சோமபால கால்களைக் கதிரைக்கு மேலே இழுத்துக்கொண்டார். வேண்டாம், பாவம் வரும் என்று கெஞ்சினார். பாதர் சிரித்துக்கொண்டே இன்னும் குனிந்தார். சோமபால பதறிக் கீழே இறங்கி, அவரைக் கும்பிட விழுந்தார். இரண்டு தலைகளும் மோதின. பேசின் கவிழ்ந்தது. தண்ணீர் பீடப் படிகளில் இறங்கி மைக் வயரைத் தேட, நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாக்கியம் அக்காவின் கதிரையில் முட்டி நின்றேன். மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது.

"பாதர், காலு கழுவுறது இருக்கட்டும். அத நாங்களே கழுவிக்குவோம்" என்றார் பாக்கியம் அக்கா. கோயில் முழுக்கக் கேட்டது. "அந்த டொய்லட்டுச் சாவிய மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

பாடகர் குழு வாயைத் திறந்தபடியே நின்றது. பாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"எந்தச் சாவி? யாருகிட்ட இருக்கு?"

நான் ஓரடி பின்வாங்க, வளையம் சத்தம் போட்டது. பதிலை என் இடுப்பு சொன்னது.

"பாதர், ஈஸ்டர் முடிய கூட்டத்துல..."

பாதர் ஈரக் கையை நீட்டினார். வளையத்திலிருந்து அந்த ஒரு சாவி கழலவில்லை. நகம் உடைந்தது, பல்லால் கடித்தும் பார்த்தேன். கடைசியில் கொத்தோடு கொடுத்தேன். பாதர் அதைக் கொத்தோடு பாக்கியம் அக்காவின் கையில் வைத்தார். நல்ல வெடிச் சிரிப்பொன்று கேட்டது. திரும்பிப் பார்க்காமலே சொல்வேன், அது மெர்சி.

பூசை முடிந்து, அவமானத்தில் மூன்று கோப்பை தேநீர் குடித்துவிட்டு, பஸ் பிடித்துக் குண்டசாலையில் எங்கள் வாசலுக்கு வந்தபோதுதான் வீட்டுச் சாவியும் அந்தக் கொத்தில் போனது உறைத்தது. மெர்சியின் சாவி வீட்டுக்குள். பூட்டு உடைக்க ஆள் வர முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று கோப்பைத் தேநீரும் வேலையைக் காட்டத் தொடங்கின. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இதற்காக வந்தேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாக்கியம் அக்கா எத்தனை வெட்கத்தை விழுங்கி என்னிடம் கேட்டிருப்பார் என்று, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி அப்போதுதான் புரிந்துகொண்டேன். கருத்தரங்கில் மூன்று நாளில் ஏறாதது முக்கால் மணி நேரத்தில் ஏறியது.

அடுத்த கூட்டத்தில் மாஸ்டர் எழுந்து, பூசையைக் குழப்பியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், பூட்டைத் திரும்பப் போட வேண்டும் என்றார். இரண்டும் நடக்காது என்றேன். நாற்றம் வந்தால் என்று மாஸ்டர் கேட்டார். நான் கழுவுகிறேன் என்றேன். செயலாளர் பதவி போனது. சனிக்கிழமைதோறும் வாளியும் தும்புத்தடியுமாகப் போகிறேன். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டேன். இப்போது அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான்.

மன்னிப்பு நான் ஒருவரிடம்தான் கேட்டேன். பூசைக்கு மறுநாள், பெரிய வெள்ளி காலையில் கோயில் வாசலில் பாக்கியம் அக்கா என் வீட்டுச் சாவியைத் திருப்பித் தந்தபோது. பூட்டுப் போட்டது என் பிழை, மன்னிச்சிடுங்க அக்கா என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அது இருக்கட்டும்யா. உள்ள லைட்டு எரியல."

எங்கள் வீட்டில் இன்றுவரை யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டாலும் பதில் இதுதான். மெர்சி என்னிடம் சொல்வாள், மகள் மருமகனிடம் சொல்வாள். நான் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய், செய்ய வேண்டியது என்னவென்று பார்ப்பேன். போன சனிக்கிழமைகூட ஒரு பல்ப் மாற்றினேன்.