மேகம் அண்ணர் தெரிந்தெடுத்த படம்

வானத்தோடு சொந்தப் பகை வைத்திருந்த ஒரே மனிதரை நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், எங்கள் தொல்லியல் ஆய்வு அலுவலகத்தில்தான் கண்டேன். வானிலிருந்து செய்மதி எடுத்த படங்களில் ஆய்வுக்கு ஏற்றதைத் தெரிவுசெய்வது அவர் வேலை. எந்தப் படத்தைக் காட்டினாலும் "மேகம்!" என்று தள்ளிவிடுவார். அதனால் அவர் எங்களுக்கு மேகம் அண்ணர்.

மேகமில்லாத படத்திலும் குறை கண்டுபிடிப்பார். மாரிகாலப் படமென்றால் எல்லாம் பச்சை, மண் தெரியாது. பழைய படமென்றால் ஒரு முழு வீடே ஒரு புள்ளி.

"தங்கச்சி, இஞ்ச வாங்கோ. இது குளமோ, மேகத்தின்ர நிழலோ?"

குளமென்றால் நிழல் என்பார். நிழலென்றால் குளம் என்பார். மத்தியானத்துக்குள் எனக்கு என் பெயரிலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஒருமுறை சாம்பல்தீவுக் கரையில் நீள்சதுரமாக ஒரு பழைய அத்திவாரத்தைக் கண்டுபிடித்தார். அலுவலக வான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். காயப்போட்ட மீன்வலை.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் ஈச்சிலம்பற்றில் ஒரு பழைய குளக்கட்டை, குளத்து நீரை மறித்த கரையைத் தேடும் பொறுப்பு வந்தது. காணிக்காரர் மழைக்கு முன்னர் புல்டோசர் விட்டுப் பற்றைக்காட்டை வயலாக்க இருந்தார். இடத்தைக் காட்டினால் அதை மட்டும் விட்டுவிடுவதாகச் சொன்னார். அண்ணரோ ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். டோசரும் வந்துவிட்டது.

கடைசியில், நிலம் வெடித்துக் கிடந்த வறட்சிக்காலப் படமொன்றைப் பிடித்தார். அதில் வில்லாக வளைந்த ஒரு கோடு.

"இதுதான் கட்டு!"

போனோம். காணிக்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "சேர், இது எங்கட எருமையள் போற பாதையெல்லோ!"

டோசர் உறுமியது. அண்ணர் பாதையின் நடுவில் குந்திவிட்டார்.

"ஐயா, ஒண்டு கேக்கிறன். எருமை ஏன் வளைஞ்சு போகுது? நேரே போனா என்ன?"

"அதை எருமையிட்டத்தான் கேக்க வேணும். மாரிக்கு மற்ற இடமெல்லாம் வெள்ளம் நிக்கும். இது மட்டும் கொஞ்சம் மேடு..." சொல்லச் சொல்லக் காணிக்காரரின் குரல் இறங்கியது.

மழைநீர் அறுத்த பாதையோரத்தை நானும் காணிக்காரரும் போய்ப் பார்த்தோம். மண்ணுக்குள் வரிசையாக அடுக்கிய கற்கள். பாதையா, கட்டா என்றால் இரண்டும்தான். டோசர் வேறு பக்கம் திரும்பியது.

"எழும்புங்கோ அண்ணர்."

"ஏலாது தங்கச்சி. டோசர் போய் மறையட்டும்."

அண்ணர் இப்போது கொழும்பில். அவருடைய கதிரையில் இருப்பவர் நல்ல பிள்ளை, கேட்ட உடனே படம் தந்துவிடுகிறார். எனக்குத்தான் அண்ணரோடு ஒருதரம் சண்டை பிடிக்க வேண்டும்போல் இருக்கிறது.