பதினோரு வருஷத்தில் ஒரு கீறல்

கட்டிலுக்கு அடியில் பாதி தூரம் போன பிறகுதான், இனி முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது என்பது லேபிளுக்குப் புரிந்தது.

லேபிள் என்பது வேலை செய்யும் இடத்தில் அவருக்கு வைத்த பெயர். மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாகப் பிழை பார்க்கிறவர். 'நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்' என்ற வரியை லட்சம் தடவையாவது படித்திருப்பார். தன்னை மட்டும் இதுவரை எதுவும் குலுக்கவில்லையே என்று நாற்பத்தாறாவது வயதில் திடீரென்று தோன்றியது. போய் குகைப் பயணக் கிளப்பில் சேர்ந்துவிட்டார்.

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கு மூன்று விளக்கு வேண்டும் என்றார்கள். தனியாகப் போகவே கூடாது, திரும்பி வரும் நேரத்தை வீட்டில் சொல்லாமல் கிளம்பக் கூடாது என்றார்கள். கிளப் தலைவர் எல்லா வகுப்பையும் ஒரே மாதிரிதான் முடிப்பார்.

"ரோட்டைத் தாண்டுறதைவிட குகைக்குள்ள தவழுறது பாதுகாப்பு. நம்ம கிளப்புல பதினோரு வருஷத்துல ஒருத்தர் மேல ஒரு கீறல்கூட விழுந்ததில்லை!"

ஆறு ஞாயிறு ஆகியும் குகையை மட்டும் கண்ணில் காட்டவில்லை. ஒரு வாரம் மழை வரும்போல் இருந்தது. அடுத்த வாரம் கயிற்றின் மேல் தலைவருக்குச் சந்தேகம். "அவசரப்படுறவன்தான் அடிபடுவான். அதுவரைக்கும் வீட்டுல கட்டிலுக்கு அடியில தவழ்ந்து பழகுங்க" என்று சொல்லியிருந்தார்.

அதைத்தான் சனிக்கிழமை மத்தியானம், மனைவி தையல் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, லேபிள் செய்துகொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட். நெற்றியில் விளக்கு. இடுப்பில் கயிறு. அந்தக் கயிறுதான் கட்டில் காலில் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வாசற்கதவு திறந்தது. அடுத்த தெருவில் இருக்கும் மாமியார். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு.

"யாரும் இல்லையா வீட்டுல?"

'இருக்கேன் அத்தை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இருபது வருஷமாக அந்த அம்மாள் முன்னால் சட்டைப் பொத்தான்கூடத் திறந்திருக்க நின்றதில்லை அவர். இப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஹெல்மெட்டோடு எப்படி வெளியே வருவது? விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கினார். மாமியார் வந்து அதே கட்டிலில் 'அப்பாடா' என்று உட்கார்ந்தார். பலகை வளைந்து லேபிளின் முதுகைத் தொட்டது. பல மாதத் தூசி கலைந்து அவர் மூக்குக்குள் போனது.

தும்மல் வந்தது.

"ஐயோ, திருடன்!"

மாமியாருக்கு வயது அறுபத்தெட்டு. ஆனால் தரை துடைக்கும் மாப்பை எடுத்த வேகத்தில் அந்த வயது தெரியவில்லை. முதல் அடி தரையில் விழுந்தது. இரண்டாவது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது கையில் விழுந்தது.

"அத்தை! நான்தான்!"

"திருட்டுப் பயலே, அத்தைன்னு வேற கூப்பிடுறியா?" என்று மூன்றாவது அடியும் விழுந்தது.

மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டுக்கு வந்ததும் மாமியார் அழுதார்.

"மருமகனைக் கட்டையால அடிச்சவள்னு ஊரெல்லாம் என்னைப் பேசுமே!"

"அடி வாங்கினவனை என்ன பேசும்னு யோசிச்சீங்களா அத்தை?"

மனைவிதான் முடிவு சொன்னாள். "ரெண்டு பேரும் வாயைத் திறக்க வேணாம். பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சது."

திங்கட்கிழமை காலை அதையேதான் மனப்பாடம் செய்துகொண்டு அச்சகத்துக்குள் நுழைந்தார். மெஷின்காரர் முந்திக்கொண்டார்.

"என்ன லேபிள் சார், பாத்ரூம்ல வழுக்கிட்டீங்களா? எங்க தாத்தாவும் இப்படித்தான் போன மாசம்..."

நாலு பேர் சிரித்தார்கள். லேபிளின் காது சுட்டது.

"இல்ல" என்றார். "குகையில."

அச்சகத்தில் எல்லாச் சத்தமும் நின்றது. மெஷின்காரர் நிஜமாகவே மெஷினை நிறுத்திவிட்டார்.

"குகையிலயா? எவ்வளவு ஆழம்?"

"ஒரு பத்தடி இருக்கும்."

டீ நேரத்தில் அது இருபதடி ஆனது. சாப்பாட்டு நேரத்தில் வௌவால்கள் சேர்ந்துகொண்டன. சாயங்காலத்துக்குள் அவர் இருட்டில் ஒற்றைக் கையால் இரண்டு மணி நேரம் தவழ்ந்து வெளியே வந்திருந்தார். மேனேஜர் தோளில் கை வைத்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அந்தக் கை பட்ட இடம் இனித்தது. ஆனால் அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் அவர் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்ததும், பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

பொய் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லேபிள் வெட்டும் பிரிவில் இருந்த பெண்ணின் கணவர் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தார். புதன்கிழமை காலை, 'ஒற்றைக் கையால் இருளை வென்றவர்' என்று மாவுக்கட்டோடு அவர் படம் வந்துவிட்டது.

சாயங்காலம் கிளப் தலைவர் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் பத்திரிகை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பதினோரு வருஷம் சார்! ஒரு கீறல் கிடையாது! எல்லாத்தையும் ஒரே நாள்ல கவுத்துட்டீங்களே! யாரோட போனீங்க?"

"தனியாத்தான்."

"தனியாவா? முதல் பாடமே அதானே! சரி, எப்படி உள்ள போனீங்க? இரும்புக் கேட்டுல பூட்டு தொங்குதே?"

இதை லேபிள் எதிர்பார்க்கவில்லை. குகைக்குக் கேட் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"திறந்திருந்துச்சு" என்றார்.

தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது. "திறந்திருந்துச்சா? அப்ப தப்பு நம்ம பேர்ல இல்ல. காவலாளி பேர்ல. இது போதும் சார், நான் பாத்துக்குறேன்."

அவர் போனதும், ஒரு வழியாகத் தப்பித்தோம் என்று லேபிள் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தக் காவலாளி யாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"அவருக்கு இப்ப என்ன ஆகும்?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை வந்த கடிதம் பதில் சொன்னது. காவலாளி தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மலைப் பராமரிப்பு அலுவலகத்தில் விசாரணை. குகைப் பயணம் ஆபத்தான விளையாட்டு என்று தெரியவந்தால், குகை நிரந்தரமாக மூடப்படும்.

லேபிள் கடிதத்தை நாலு தடவை படித்தார். ஒரு பிழைகூட இல்லை. தவறெல்லாம் படிக்கிறவரிடம் இருந்தது.

சனிக்கிழமை சைக்கிள் கடை மாடிக்கு ஓடினார். "தலைவரே, கேட் திறந்திருந்துச்சான்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. பூட்டியும் இருந்திருக்கலாம்."

"பூட்டியிருந்துச்சுன்னா நீங்க பூட்டை உடைச்சிருக்கீங்கன்னு ஆகும். போலீஸ் வரும். பேசாம திறந்திருந்துச்சுன்னே சொல்லுங்க. உங்களுக்கும் நல்லது, கிளப்புக்கும் நல்லது."

"காவலாளிக்கு?"

தலைவர் கயிற்றை எடுத்து ஒரு முடிச்சைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை லேபிளோடு மனைவியும் மாமியாரும் கிளம்பினார்கள். ஒற்றைக் கையோடு அவரைத் தனியே அனுப்ப முடியாது என்றார் மாமியார். அதைக் காரணமாகச் சொல்ல அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

அலுவலக வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதன் கோடியில், தேய்த்த காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி இல்லை. தொப்பி இருந்த இடத்தில் முடி இன்னும் படிந்தே இருந்தது. லேபிளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீங்கதானே சார் அது? பேப்பர்ல பாத்தேன். கை வலிக்குதா?"

"இல்ல... கொஞ்சம்."

"எனக்கு மனசே ஆறல சார். அந்தப் பூட்டு எப்படித் திறந்துச்சுன்னுதான் புரியல. ஆனா பேப்பர்லயே போட்டுட்டாங்க, நீங்களும் படிச்சவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் வயசாயிருச்சு போல." பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க சார். அடிபட்ட உடம்பு."

லேபிள் உட்காரவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ரெண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். அடிவாங்கிப் பழக்கம் இருந்தது.

உள்ளே அழைத்தார்கள். அதிகாரி, ஒரு சுருக்கெழுத்துக்காரர், இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் காவலாளி. பின்னால் மனைவியும் மாமியாரும்.

"சொல்லுங்க" என்றார் அதிகாரி. "நீங்க போனப்ப கேட் திறந்திருந்துச்சு. அப்படித்தானே?"

தலைவர் பலமாகத் தலையாட்டினார். லேபிள் காவலாளியைப் பார்த்தார். அவரும் 'சொல்லுங்க சார், பரவாயில்ல' என்பதுபோல் தலையாட்டினார்.

"நான் குகைக்கே போகல சார்."

"என்னது?"

"அந்தக் குகையை நான் கண்ணால பாத்ததுகூட இல்ல. கேட் எப்படி இருக்கும்னும் தெரியாது. இவர் ஒரு தப்பும் பண்ணல. எல்லாம் நான் சொன்ன பொய்."

"அப்ப கை எங்க உடைஞ்சது?"

"எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில."

சுருக்கெழுத்துக்காரரின் பேனா நின்றது. "கட்டிலுக்கு மேல இருந்தா, அடியில இருந்தா?" என்று சந்தேகம் கேட்டார்.

"அடியில. தவழ்ந்து பழகிட்டு இருந்தேன். திருடன்னு நெனச்சு அடிச்சுட்டாங்க."

"யாரு அடிச்சது?"

லேபிள் வாயைத் திறந்தார். தன் மானம் போனால் போகட்டும், இன்னொருவர் மானத்தையும் சேர்த்துக் கொட்ட நாக்கு எழவில்லை. மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான்தான் அடிச்சேன்" என்றார் மாமியார்.

"நீங்க யாரும்மா?"

"மாமியார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "மருமகன்னு தெரியாமத்தானே அடிச்சீங்க?"

"தெரிஞ்சிருந்தா மெதுவா அடிச்சிருப்பேன்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுருக்கெழுத்துக்காரர் அதையும் எழுதினார். லேபிள் தலை குனிந்து நின்றார். நாளைக்கு அச்சகத்தில் மெஷின் மறுபடி நிற்கும், இந்தத் தடவை எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று தெரிந்தது. தெரிந்தும், ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது.

"கேட் பூட்டியேதான் இருந்துச்சுன்னு நீ ஏன்யா முதல்லயே சொல்லல?" என்று காவலாளியைக் கேட்டார் அதிகாரி.

"என்னை யாரும் எதுவும் கேக்கலீங்க ஐயா. தொப்பியக் குடுன்னாங்க, குடுத்துட்டேன்."

அதிகாரி அலமாரியிலிருந்து தொப்பியை எடுத்துவரச் சொன்னார். காவலாளி அதை வாங்கி, உள்ளே ஒரு தடவை ஊதிவிட்டு மாட்டிக்கொண்டார். லேபிள் அவரிடம் போய், "மன்னிச்சிருங்க" என்றார். காவலாளி லேபிளின் மாவுக்கட்டை லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

தலைவருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயா, இதையும் எழுதிக்கணும்! மனுஷன் அடிபட்டது எங்க? வீட்டுல! சொந்தக் கட்டிலுக்கு அடியில! குகையில இல்ல! இதைவிடப் பாதுகாப்பான விளையாட்டு உலகத்துல உண்டா? பதினோரு வருஷம், மாசம் ரெண்டு பயணம், இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது!"

"நல்ல விஷயம்தான்" என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். "குகையை மூட வேண்டிய அவசியம் இல்லைன்னு எழுதிடுறேன். கூடவே அந்தப் பயணக் கணக்கையும் சேர்த்துட்டா கோப்பு முடிஞ்சது. ஏம்பா, கிளப்காரங்க சாவி வாங்கிட்டுப் போறப்ப கையெழுத்து வாங்குற நோட்டு இருக்குல்ல? குடு."

காவலாளி துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். பழுப்புக் காகிதத்தில் ஒழுங்காக அட்டை போட்டிருந்தது. அதிகாரி முதல் பக்கத்தைத் திறந்தார். இரண்டாவது பக்கத்தைத் திறந்தார். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கியும் புரட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஒரு கையெழுத்துகூடக் காணோம்?"

தலைவர் அவசரமாகக் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.

"நான் என்னங்க ஐயா பண்றது?" என்றார் காவலாளி. "பதினோரு வருஷமா சாவியோட அங்கதான் உக்காந்திருக்கேன், 'கொஞ்சம் திறந்து விடுப்பா'ன்னு ஒருத்தர்கூட இதுவரைக்கும் வந்ததில்ல."