லென்ஸ் பாயும் ஓரம் போன சிங்கமும்

போர்ட் பிளேரில் லென்ஸ் பாயைவிட வாய் கெட்ட மனிதர் கிடையாது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பத்துபஸ்தியில் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு கண்ணில் எப்போதும் லென்ஸ். ஆனால் கடிகாரத்தோடு வருபவர்களைவிடக் காசோடு வருபவர்களே அதிகம். அச்சுத் தவறிய பழைய நாணயத்துக்கு லட்சம் தருவார்கள் என்று போனில் எவனோ சொன்னதை நம்பி வருவார்கள். தவறு அசலா, என்ன விலை போகும் என்று பாய் பார்த்துச் சொல்வார். கூலி வாங்க மாட்டார். பதிலுக்குத் திட்டுவார்.

ஒருமுறை ஆபீசர் ஒருவர் நசுங்கிய காசைக் கொண்டுவந்தார்.

“சார் மெயின்லேண்ட் போயிருந்தீங்களா?”

“ஆமா பாய், போன மாசம்.”

“அங்க எவனோ தண்டவாளத்துல வச்ச காசு. நம்ம தீவுல ரயிலே இல்ல, இப்படி ஏமாத்தக்கூட வசதி கிடையாது. சலோ, அடுத்தது!”

சௌல்தாரியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மாவிடம், “காசு அடிச்சவன் தப்பு இல்லம்மா, உப்புக்காத்து அரிச்சது. கடல்கிட்டப் போய் விலை கேளுங்க” என்றார். வயதைப் பார்த்தாவது பேச வேண்டாமா?

என் முறையும் வந்தது. என் வீட்டுக் கூரைத் தகரம் காற்றில் பறந்துவிட்டது. மழைக்கு இரண்டே வாரம். தார்ப்பாய்க்குக் கீழே நாங்கள் நான்கு பேர். அப்போதுதான் மீன் மார்க்கெட் சில்லறையில் எப்போதோ வந்த பழைய ஒரு ரூபாய் ஞாபகம் வந்தது. சிங்கம் ஓரத்துக்கு ஒதுங்கி, பாதிக் காசு வெறுமையாக இருக்கும். அழுக்காகக் கொண்டுபோனால் மரியாதையில்லை என்று புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோனேன். நான் பெயின்டர். தேய்க்காமல் எதையும் தொட்டுப் பழக்கமில்லை.

பாய் பார்த்தார். லென்ஸ் கழன்று மேசையில் விழுந்தது.

“அரே பாகல், பைத்தியக்காரா! சுவரத் தேய்க்கிற மாதிரி காசத் தேய்ச்சியா? அசல் தப்புய்யா இது! தோல உரிச்சுட்டு வந்து விலை கேக்குற! பாதி விலை புளியோட போச்சு!”

கடையில் ஆறு பேர். காசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தப் படி ஏறினால் என்னைச் செருப்பால் அடி என்று மனைவியிடம் சொன்னேன்.

நாலாம் நாள், அந்த ஆறு பேரில் ஒருவன் வீட்டுக்கே வந்தான். மெயின்லேண்ட் வியாபாரியாம்.

“தேய்ச்ச காசு. போனாப் போகுது, இருநூறு தரேன்.”

பாய் மேல் இருந்த ஆத்திரத்தில் கொடுத்துவிடத்தான் இருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“கைய மூடு பெயின்டர்!” பாய்தான். “இவன் தெருவெல்லாம் உன் வீட்ட விசாரிக்கிறான்னு கேட்டதும் வந்தேன்.” வியாபாரி பக்கம் திரும்பினார். “பாதி விலைய புளி தின்னுடுச்சு. மீதிப் பாதிய நீ தின்னப் பாக்குறியா? ஆறாயிரம். இல்லன்னா கப்பலேறு.”

அரை மணி நேரம் தெருவே கூடக் கத்தினார். ஐயாயிரத்தில் முடிந்தது.

நான் வாய் திறப்பதற்குள் பாய் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். “பேசாம போய்த் தகரம் வாங்கு. அதையாவது தேய்க்காம மேல போடு.”

தகரம் போட்ட மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது விழும் சத்தம் அப்படியே பாய் கத்துவது போலிருக்கிறது. அதைக் கேட்டால்தான் இப்போது எனக்குத் தூக்கம் வருகிறது.